பத்தொன்பதாம் வரிசையிலிருந்து ஆறாம் வரிசைக்கு

விமானக் கம்பெனியிடமிருந்து அந்தச் செய்தி என் போனுக்கு வந்தபோது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி ஸ்டோர் ரூமில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் எல்லாப் பயணிகளுக்கும் இருக்கை எண் உண்டு, குழு குழுவாகத்தான் ஏற வேண்டும், உங்கள் பயணம் இனிமையாக அமையட்டும் என்று இருந்தது. இனிமையாம் இனிமை! மிச்ச டீயைக் கொட்டிவிட்டேன்.

அதுவரைக்கும் அந்தக் கம்பெனி விமானத்தில் சீட்டு எண்ணே கிடையாது. யார் முதலில் ஏறுகிறாரோ அவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். இருபது வருடமாக மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் போய்வருகிறவன் நான். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துப் பழகிய கை. மகளைக் கட்டிக்கொடுத்தபிறகு இரண்டு தடவை புனே போனோம். இரண்டு தடவையும் முதல் ஆளாக ஏறி, சீட்டில் துண்டைப் போட்டு, மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவள் பக்கத்தில் நான் சுவர் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். விமானப் பணிப்பெண் துண்டைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கென்ன.

என் மனைவிக்கு வலிப்பு வரும். பத்து வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கினால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. தூக்கம் கெட்டால் வந்துவிடும். இது எங்கள் மூன்று பேருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேசரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பேசுகிற ஊர் எங்கள் ஊர். அடிபட்டதால் வந்தது, வம்சத்தில் வந்ததில்லை என்று எத்தனை பேரிடம் போய் விளக்கிக்கொண்டிருப்பது? வாயை மூடிக்கொண்டோம். கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் மூடியபடியே இருந்தோம்.

இப்போது மகளுக்கு ஏழாம் மாதம். புனேவிலேயே வளைகாப்பு நடத்தி, அவளை மீஞ்சூருக்கு அழைத்துவர வேண்டும். பெரியபாளையத்திலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் எங்களோடு ஒரே விமானத்தில் வருவதாக ஏற்பாடு. நாலு பேருக்கும் டிக்கெட் போட்டவர் சம்பந்திதான். போகப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தார்.

"சம்பந்தி, புதுசா சீட் நம்பர் வந்துக்கீது பாத்தீங்களா? நானே நாலு பேருக்கும் போட்டுட்டேன். பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி ஆறாவது வரிசை. பேசிக்கினு வரட்டும். நமக்குப் பின்னால பத்தொம்போது. நம்மளும் நிம்மதியா வரலாம்."

கல்யாணத்துக்குப் போகிற வேனில் அப்படித்தான் உட்காருவோம், பொம்பளைகள் முன்னால், ஆம்பிளைகள் பின்னால். அதே மரியாதையில் செய்திருக்கிறார் மனிதர். நான் என்ன சொல்வது? "எங்க ஊட்டுக்காரி பக்கத்துல நான்தான் உக்காரணும்" என்று சொன்னால், இந்த வயதில் இன்னா இது என்று சிரிப்பார். ஏன் என்று கேட்டாலோ தொலைந்தது. "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மனைவியிடம் சொன்னதும் அவள் முறத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அந்தம்மா பக்கத்துலயா? ரெண்டு மணி நேரமா? ஏங்க, எனக்கு அங்க வந்துடுச்சுன்னா? எம் பொண்ணு வாழ்க்கை இன்னா ஆவறது?"

"வராது. நீ மாத்திரையைப் போட்டுக்கினு நல்லாத் தூங்கு. அது போதும்."

தூங்கினாளா? எங்கே! வளைகாப்புக்கு வெறுங்கையோடு போகலாமா என்று அதிரசம், முறுக்கு, சோமாசி என்று மூன்று ராத்திரி அடுப்படியிலேயே கிடந்தாள். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றதற்கு என்னைக் கடித்துக் குதறினாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்தான் விமான நிலையத்துக்கு வந்தாள்.

அங்கே கவுண்டரில் இருந்த பெண்ணிடம், சம்பந்தி பாத்ரூம் போன சமயம் பார்த்து, ஆறாம் வரிசையில் எனக்கு ஒரு இடம் மாற்றித்தர முடியுமா என்று கேட்டேன். விமானம் நிரம்பிவிட்டது சார் என்றாள். மருத்துவக் காரணமா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வாசலில் குழு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பின் வரிசைக்காரர்கள் முதல் குழு, முன் வரிசைக்காரர்கள் கடைசிக் குழு. முதலில் ஏறியவனுக்கு ராஜ மரியாதை என்றிருந்த காலம் போயே போய்விட்டது. மனைவியை விட்டுவிட்டு நான் முதலில் போக வேண்டியிருந்தது. அவள் நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மா ஏதோ சொல்ல, சிரிக்கப் பார்த்தாள். "மாத்திரை?" என்று வாயசைத்தேன். தலையாட்டினாள்.

உள்ளே ஆறாவது வரிசையைக் கடக்கும்போது கால் தானாக நின்றது. பின்னால் வந்தவர் பெட்டியால் இடித்தார். பத்தொன்பதில் போய் உட்கார்ந்தேன். கடைசியில் அவர்கள் இருவரும் ஏறியதைப் பார்த்தேன். உட்கார்ந்த பிறகு சீட்டின் முதுகுதான் தெரிந்தது. அவள் உச்சந்தலைகூடத் தெரியவில்லை. பதின்மூன்று வரிசை தூரம். சம்பந்தி பிரசவ ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஆமாம் ஆமாம் என்றேன். காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. பெரியபாளையத்தம்மா, தாயே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் காப்பாத்து என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

முக்கால்வாசி தூரம் போயிருப்போம். முன்னால் டிங் என்று மணிச்சத்தம். உடனே இன்னொரு தடவை. பணிப்பெண் ஒருத்தி வேகமாக நடந்தாள், இன்னொருத்தி ஓடினாள். ஆறாவது வரிசையில் நடைபாதைப் பக்கம் இருந்த பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தேன். விமானம் ஆடிக்கொண்டிருந்தது. உட்காருங்க சார், உட்காருங்க என்று ஒருத்தி இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"என் பொண்டாட்டிம்மா! உடு என்னை!" என்று கத்தினேன். அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே இடுப்பு பெல்ட்டை உருவினேன், அதன் பக்கிள் இரும்பு. கையில் இரும்பு கொடுக்கக் கூடாது, அதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் டாக்டராவது ஒன்றாவது. அங்கே எனக்கு முன்னால் யாரோ, "சாவி கீவி இருந்தா குடுங்கய்யா, கையில வைக்கலாம்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் வாணாம், யாரும் கிட்ட வராதீங்க" என்றது சம்பந்தியம்மாவின் குரல்.

என் மனைவி மூன்று சீட்டிலுமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கடியில் சம்பந்தியம்மாவின் சால்வை. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள், கழுத்துச் சங்கிலியைத் தளர்த்தியிருந்தார்கள். வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டு, கையையோ காலையோ அழுத்திப் பிடிக்காமல், சம்பந்தியம்மா கீழே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். என் கையில் தொங்கிய பெல்ட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"அடங்கிடுச்சு சம்பந்தி. ரெண்டு நிமிஷம்கூட ஆவல. அஞ்சைத் தாண்டினாதான் ஆபத்து. இப்போ தூங்குவாங்க. எழுப்பாதீங்க, தண்ணி குடுக்காதீங்க."

மனைவியின் மார்பு ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்துபோய்விட்டது, எல்லாம் முடிந்துவிட்டது, மகளிடம் என்ன சொல்லப்போகிறோம் என்று மனம் அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொன்று மண்டையில் உறைத்தது. எனக்கே பத்து வருடத்தில் கடிகாரம் பார்க்கத் தோன்றியதில்லை.

"சம்பந்தியம்மா, உங்களுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?"

அவர் முந்தானை நுனியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உங்க ஊட்டுல யாருக்கு?" என்றேன்.

"பையனுக்கு" என்றார் மெதுவாக. "பன்னெண்டு வயசுலேர்ந்து. மாத்திரையிலதான் கீறான். மூணு வருஷமா ஒருதரம்கூட வரல. சொன்னா யாரு சம்பந்தி பொண்ணு குடுப்பாங்க?"

எவ்வளவு தைரியம்! இரண்டு வருடமாக என் பெண்ணை வைத்துக்கொண்டு! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நான் மட்டும் எந்த ஊர் யோக்கியன்? என் மனைவியின் தலை அந்தம்மாவின் சால்வையில் அல்லவா இருந்தது. அந்தக் கோபத்தை எந்தப் பக்கம் துப்புவது என்று தெரியாமல் விழுங்கினேன்.

"எம் பொண்ணுக்குத் தெரியுமா?"

இறங்கப்போகிறோம், எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. லேப்டாப் பையன் தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பதுக்குப் போனான். நடுவில் என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஜன்னலோரம் சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விமான நிலைய டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை, கூட்டிப்போங்கள் என்றார். சம்பந்தி பெட்டிகளைத் தள்ள, நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்தது. ஓட்டிக்கொண்டு வந்தது மாப்பிள்ளை. பக்கத்தில் என் மகள், வயிற்றுக்கு மேல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினாள்.

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு, காரைச் சுற்றிப்போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்குங்க மாப்ளே. நாம டாக்சியில போலாம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார், இறங்கி நின்றார்.

என் மகள்தான் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னா நைனா, இவரு நல்லாத்தானே ஓட்டறாரு? இன்னா ஆச்சு?"