கைவிடுதல்

கன்னத்தில் ஒற்றிப் பார்த்த பின்னரே எந்தப் பந்தையும் கைவிடுவார் பந்தக்கா. சூடும் இல்லை, குளிரும் இல்லை என்று கன்னம் உறுதி கூற வேண்டும்; சூடேறிய ரப்பர் தன் அளவுக்கு மீறித் துள்ளும். அதன்பின் வலக்கையை உயர்த்தி, சுவரில் வரைந்த மேல்கோட்டுக்கு நேரே பந்தைப் பிடித்து, ஐந்து விரல்களையும் ஒருசேர விரிப்பார். பந்து கருங்கல் பலகையைத் தொடுமுன் முழங்கால் மடங்கி, கண் கீழிறங்கிவிடும். விழுந்தது மீண்டெழுந்து அதற்குக் கீழுள்ள இரண்டு சிவப்புக் கோடுகளின் இடையே தலைகாட்டினால் தேறியது. எட்டாவிடில், "செத்துப்போச்சு" என்ற ஒற்றைச் சொல்லோடு மூலைக் கூடைக்குப் போகும்.

ரப்பர்ப் பந்து செய்யும் ஆலையில், சோதனை அறையின் ஒரே ஊழியர் அவர். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் தோள் இதற்கென்றே உயர்ந்து தாழ்ந்து, இப்போது தலைவாரவும் மறுக்கிறது. கையை ஏன் சற்று வீசக்கூடாது என்று கேட்டால் சொல்வார்: "தள்ளுனா அது என் பலம். சும்மா விட்டாத்தான் அதோட பலம்." ஓசை பொறுக்காத புது மேற்பார்வையாளர் ஒருவர் கல்லின்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டபோது, பந்தக்கா அதைச் சுருட்டி அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார். "மெத்தையில விழுந்தவன் என்னைக்கு சார் துள்ளி எழுந்தான்?"

பொதிகட்டும் பெண்கள் அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள். "அக்காவுக்குச் சம்பளமே கைவிடறதுக்குத்தான்டி" என்பது அவர்களுடைய பழைய கேலி. சிரிப்பு உண்டு, அருகில் இடம் மட்டும் இல்லை. ஒரு தொகுதி தேறாதுபோனால் யாரோ ஒருவர் தலை குனிய நேர்கிறதே! பந்தக்கா தம் உணவைச் சோதனை அறையில் தனியே உண்பார்.

அவருடைய கணவருக்கு அச்சுப் பிரிவில் வேலை. ரப்பரை அச்சில் அடைத்து வேகவைப்பவர். வேக்காடு குறைந்தால் பந்தின் துள்ளலும் குறைந்துபோகும். ஆறு மாதமாக அவர் கண்ணில் புரை. வெப்பமானியின் முள் அவருக்குப் புகைக்குள் நிற்பதுபோல் தெரிகிறது. ஏற்கெனவே அவர் கைப்பட்ட இரண்டு தொகுதிகளை மனைவியே கழித்துவிட்டார். மூன்றாவதும் கழிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் அறுதியிட்டுவிட்டார்.

அந்த மூன்றாவது தொகுதியின் மாதிரிப் பந்துகள் பன்னிரண்டையும், உச்சிவேளை கழிந்தபின், கணவரே தட்டில் ஏந்தி வந்தார். வழக்கமாக வண்டிக்காரர் கொண்டுவருவது அது. பந்தக்கா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றினார், உடனே எடுத்துவிட்டார்.

"வெயில்ல வெச்சீங்களா?"

"அச்சுச் சூடு."

"நேத்துச் சரக்குக்கு இன்னைக்கு ஏதுங்க அச்சுச் சூடு?"

"கன்னத்த ஓரமா வெச்சிட்டு கண்ணால பாரேன்!" என்று கணவர் தாமே ஒன்றை எடுத்து, கோட்டுக்கு நேரே பிடித்து, விட்டார். அது கல்லை அறைந்து எழுந்து, இரு கோடுகளின் நடுவே அழகாக நின்று இறங்கியது. "பாத்தியா? எழும்புது!"

"எழும்புனது பந்து இல்லைங்க. வெயிலு."

பந்து உருண்டோடிச் சுவரோரம் போனது.

"ஊரான் பந்துக்கெல்லாம் நியாயம் பாக்குற. கட்டுன புருஷனுக்குப் பாக்கமாட்டியா?"

"கண்ணக் காட்டுங்கன்னு எத்தன தடவ கத்துனேன்!"

"காட்டியிருந்தா மேனேஜர் அன்னைக்கே அச்சுப் பக்கம் விட்டிருக்கமாட்டான்."



கணவர் சன்னலோரம் போய் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே எதையோ உற்று நோக்குவதுபோல் நின்றார். அவருக்கு அங்கே ஒன்றும் தெளிவாகத் தெரிந்திராது என்பதைப் பந்தக்கா அறிவார்.

உருண்ட பந்தைத் தேடி எடுத்து, மற்றப் பதினொன்றோடு தரையில் ஒன்றையொன்று தொடாதபடி வரிசையாக அடுக்கினார். சூடு ஆற ஒருமணி நேரமாவது ஆகும். முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தவர், மீண்டும் எழுந்தார். கணவரின் முதுகை நோக்கிச் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியின் கழுத்தைப் பிடித்து, மெல்லப் பந்துகளின் பக்கம் திருப்பினார்.