படகின் அடியில் கொட்டலசைத் தேடி வந்தவர்களுக்கு

இன்று காலை என் படகின் அடிப்பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஊருக்கே!

(சிரிக்காதீர்கள். போர்ட் பிளேரில் நான் நடத்திய ஒரே கண்காட்சி இதுதான்.)

புதிதாக வந்தவர்களுக்கு: நான் பர்வீன். ஒரு பழைய பாய்மரப் படகில் சுற்றுலா வருபவர்களைக் கடலுக்கு அழைத்துப் போவது என் தொழில். என் நானா, அதாவது அண்ணன், பஜாரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார்.

எங்கள் சண்டை பெயிண்ட்டில் ஆரம்பித்தது.

போன வருடம் நானா கடையில் இருந்த சாதாரண எனாமலைத்தான் படகின் அடியில் அடித்தேன். பளபளவென்று கண்ணைப் பறித்தது!

மழைக்காலம் முடிவதற்குள் அடி முழுக்கக் கொட்டலசு. (கடலோரப் பாறையில் கால் வைத்தால் கிழிக்குமே, கூரான சின்னச் சின்ன ஓடுகள், அதேதான்.)

அதைச் சரியாகச் சுரண்டாமல் சீசனைத் தொடங்கினேன். ஒருநாள் பாய் நிறையக் காற்று இருந்தும் படகு நகரவில்லை. சுக்கானைத் திருப்பினால் கேட்கவில்லை. துணைக்கு இருக்கும் சின்ன இன்ஜினைப் போட்டாலும் ப்ரொப்பெல்லர் முழுக்கக் கொட்டலசு, தள்ளவில்லை. நீரோட்டம் எங்களைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது.

படகில் ஒரு குடும்பம். கைக்குழந்தையோடு.

தாஸ் தாதா என்கிற வங்காளி அண்ணன் பார்த்துவிட்டு, தன் டிங்கியில், அதாவது சின்ன மோட்டார் படகில், விரைந்து வந்து, கயிறு போட்டு எங்களை இழுத்துக் கரை சேர்த்தார். இறங்கும்போது அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விஷயம் நானாவுக்கு எட்டியது.

"இது உனக்கு ஒத்து வராது புள்ள. படகை வித்துட்டுக் கடைக்கு வந்து உக்காரு."

"படகுல தப்பு இல்ல நானா. பெயிண்ட்டுலதான் தப்பு."

"என் கடை பெயிண்ட்டையா சொல்ற?"

"கதவுக்கு அடிக்கிறதக் கொண்டு போயி கடலுக்குள்ள அடிச்சா அது என்ன பண்ணும், பாவம்!"

கடையில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அதுதான் வினை. நானாவின் முகம் சிவந்துவிட்டது.

"சரி. உன் இஷ்டத்துக்கு அடி. மழை முடிஞ்சதும் நானே வந்து பாப்பேன். கொட்டலசு இருந்துச்சுனா படகை வித்துரணும். சம்மதமா?"

"சம்மதம்!"

(வாய்க்குப் பூட்டு எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைப்பதில்லை.)

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஆன்ட்டிஃபவுலிங் பெயிண்ட் வரவழைத்தேன். படகின் அடிக்கென்றே செய்வது. செம்பு கலந்தது. தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும், அதனால் எந்த உயிரும் அதில் குடியேறத் தயங்கும்.

படகைக் கரையேற்றி, மரக்கட்டைகளால் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். முகமூடி போட்டுக்கொண்டு பழைய பெயிண்ட்டை நானே தேய்த்து எடுத்தேன். பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு கோட்.

தாஸ் தாதா வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அரே பெஹன், சமுந்தர் முன்னாடி பெயிண்ட் எல்லாம் குச் நஹி!"

(கடலுக்கு முன்னால் பெயிண்ட் ஒன்றுமே இல்லையாம், தங்கச்சி! பத்து விரலும் வலிக்க அடித்தவளிடம் சொல்கிற பேச்சா?)

மழைக்காலத்தில் படகைச் சும்மா கட்டிப்போடவில்லை. இந்தப் பெயிண்ட்டுக்குப் படகு ஓட வேண்டும். ஓடினால்தான் மேல்பூச்சு கரைந்து புதுப்பூச்சு வெளியே வரும். அதனால் கடல் அடங்கிய நாளெல்லாம் விரிகுடாவுக்குள் ஒரு சுற்று போய் வந்தேன். "பைத்தியம்" என்றார்கள். இருக்கட்டும்!

மழை முடிந்தது. இன்று காலை பாட்டா. இங்கே எல்லோரும் நீர் வற்றலை அப்படித்தான் சொல்வோம். படகை மணலில் தங்க விட்டோம். தண்ணீர் இறங்க இறங்க அடி தெரிந்தது.

நானா வந்தார். தாஸ் தாதா வந்தார். படகுத்துறையில் வேலையில்லாத அத்தனை பேரும் வந்தார்கள்.

முதலில் நீர்மட்டக் கோட்டில் பச்சையாக வழுவழுப்பு.

"பாத்தியா? பாசி!" என்றார் நானா.

ஈரத்துணியால் ஒரே இழுப்பு. போய்விட்டது.

அடுத்து அவர் குனிந்தார். நிமிரும்போது முகத்தில் பெருநாள் வெளிச்சம்!

"இதுக்கு என்ன சொல்ற?"

பார்த்தேன். ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டலசு, கொத்தாக. கொஞ்சம் தள்ளி இன்னொரு கொத்து.

உண்மையைச் சொல்கிறேன், மனதுக்குள் படகுக்கு சலாம் சொல்லிவிட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கும் அதே அளவு. அதே இடம். எல்லாமே சதுரம்!

கடலில் எந்தப் பிராணி ஸ்கேல் வைத்து வீடு கட்டுகிறது?

"நானா, இங்க வாங்க! இது முட்டுக்கட்டை நின்ன எடம். இங்க பிரஷ்ஷே படல. பெயிண்ட் இல்லாத எடத்துல காலனியே போட்டிருக்கு. பெயிண்ட் இருக்கற எடத்துல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, படகை இப்பவே எழுதித் தர்றேன்!"

நானா தேடினார். மண்டியிட்டுத் தேடினார். வேட்டி நனையத் தேடினார்.

தாஸ் தாதா அந்தச் சதுரத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"தேகோ, பாரு, கோடு போட்ட மாதிரி நிக்குது! பக்கா மால் ஹை, நல்ல சரக்கு பெஹன்!"

(ப்ரொப்பெல்லர் நிலைமை படுமோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் இந்தப் பெயிண்ட்டை அடிக்கவில்லை. பூ வைத்த கொண்டை மாதிரி கொட்டலசு!)

நானா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பெயிண்ட்டு... மெயின்லேண்ட்ல எங்க கிடைக்குது?"

"எதுக்கு?"

"கடையில ஸ்டாக் வைக்கத்தான்."

"சொல்றேன். மொதல்ல படகு விஷயத்த எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"என்ன வேடிக்கை இங்க? போங்க, போங்க! இது எங்க வீட்டுப் படகு. விக்கிறதுக்கு இல்ல!"

எங்க வீட்டுப் படகாம்!

தண்ணீர் ஏறியதும் கிளம்புகிறேன். ப்ரொப்பெல்லருக்கு என்ன பூசலாம் என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். "பொம்பளைக்கு எதுக்கும்மா படகு?" என்று கேட்க நினைப்பவர்கள் நேரிலேயே வாருங்கள். சுரண்டுவதற்கு நாலு சதுரம் பாக்கி இருக்கிறது!