மதிலுக்கு இரு பக்கமும் கரிச்சான்

சிவகாசியில் எங்கள் வீட்டுக்கும் என் கணவரின் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில். பாகம் பிரித்ததில் அது யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டில் வழக்கு. இரு வீட்டாருக்கும் வெகுநாளாகப் பேச்சு இல்லை.

எங்கள் முருங்கையில் ஒரு குண்டுக்கரிச்சான் குருவி, அவர்கள் வேம்பில் இன்னொன்று. கறுப்பும் வெள்ளையுமாய் வாலைத் தூக்கிக்கொண்டு, பங்குனி பிறந்தால் விடியுமுன்னே பாடத் தொடங்கிவிடும். அவற்றுக்கும் மதில்தான் எல்லை. அச்சாபீசுக்குக் கிளம்புமுன் என் கணவர் காப்பியோடு நின்று கேட்பார். புதிதாக வாங்கிய செல்போனில் வேம்புக் கரிச்சானின் பாட்டைப் பதிவு செய்தார்.

அதை மதிலோரம் வைத்துப் போட்டார். எங்கள் கரிச்சான் பதிலுக்குக் கொஞ்சம் பாடிவிட்டுப் பூச்சி பொறுக்கப் போய்விட்டது. அதே பாட்டைக் கொல்லையின் மறுகோடியில் போட்டபோது கொதித்துப்போய்க் கீழே இறங்கியது. வெம்பக்கோட்டை அணைப்பக்கம் பதிவு செய்து வந்த வேறொரு கரிச்சானின் பாட்டை மதிலோரம் போட்டதும் போனையே கொத்தியது.

“பாத்தியா? பக்கத்து வீட்டுக்காரன் குரல் அதுக்கு அடையாளம் தெரியுது. அவன் இடத்துல அவன் இருக்கிற வரைக்கும் சண்டை இல்ல. யாருன்னே தெரியாதவன் வந்தாத்தான் ஆகாது” என்றார். கலியாணமான புதிதில் பார்த்த முகம் அது.

மறுநாள் மதிலோரம் போனை நீட்டியபடி நின்றவரை அண்ணன் பார்த்துவிட்டார்.

“ஏலே, எங்க வீட்டுப் பேச்சப் பிடிச்சு கோர்ட்டுல போடப் போறியா?”

“குருவிச் சத்தம்ணே. கேட்டுப் பாருங்க.”

“குருவி பாடுறதப் பிடிக்க எவன்லே போன் வாங்குவான்?”

இவர் போட்டுக் காட்டினார். பாட்டு கேட்டது. பாட்டுக்குப் பின்னால், அண்ணன் மனைவி மருமகளைத் திட்டுவதும் தெளிவாகக் கேட்டது.

அந்த வாரமே அண்ணன் ஆள் வைத்து வேம்பை வெட்டிவிட்டார். “இனி எந்தக் குருவியச் சாக்குச் சொல்லி ஒட்டுக் கேக்கான்னு பாப்போம்” என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். வேம்புக் கரிச்சான் எங்கே போனதோ, தெரியவில்லை. காலியான இடத்துக்குப் புதுக் கரிச்சான்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்தன. எங்களுடையது நாள் முழுக்கப் பாடியும் துரத்தியும் ஓய்ந்தது. சுவர்ப் பொந்திலிருந்த முட்டைகளை விட்டுவிட்டுப் பெட்டை போய்விட்டது.

“நம்ம மேல உள்ள கோவத்துக்கு அதுக என்ன பாவம் பண்ணுச்சு?” என்றேன்.

சில வருஷம் கழித்து அண்ணன் இறந்தார். யாரும் சொல்லிவிடவில்லை. அழுகைச் சத்தம் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வாசலில் அண்ணன் மகன் நின்றான்.

“வந்துட்டீகல்ல சித்தப்பா, பாத்துட்டுப் போங்க.”

பாடைக்குத் தோள் கொடுக்கப் போனவரின் கையை விலக்கித் தடுத்து நிறுத்தினான். கூடப் பிறந்த இவர் தெருமுனை வரை ஒதுங்கி நடந்துவிட்டு, திரும்பி வந்து குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க” என்றேன்.

“காலண்டர் சீசன் ஆர்டர் கெடக்கு” என்று சொல்லிவிட்டு அச்சாபீசுக்குப் போய்விட்டார்.