சிவப்புப் பொட்டு வைத்த உருளை

ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் நிலவறை. துவக்குச் சுடப் பழகும் இடம். என்னைக் கூட்டி வந்தவன் மனைவியின் தம்பி கண்ணன். கிழமை நாட்களில் அவனுக்குக் கடைசல் பட்டறையில் வேலை, ஞாயிறென்றால் இங்கேதான். நான் கொழும்பிலிருந்து வந்து நான்கே நாள்.

மேசையில் இரண்டு ரிவோல்வர்கள், பார்வைக்கு ஒரே அச்சு. ஒன்றுக்குக் குழல்வாய் பெரிது, மற்றதற்குச் சின்னது.

"குண்டு போடுற உருளையைக் கழட்டி மாத்தினால் வேற குண்டும் சுடலாம் அத்தான். ஆனால் பெரிய துவக்கின்ரை உருளை சின்னதிலை ஏறினால் கையோட வெடிக்கும். அதுதான் பெரிசின்ரை கைபிடியிலையும் அதின்ரை உருளையளிலையும் மனிசியின்ரை நெயில் பொலிஷாலை பொட்டு வைச்சிருக்கிறன்."

பக்கத்து வெள்ளைக்காரரோடு சிரித்துக் கதைத்தபடியே உருளையை மாற்றுகிறான். குண்டுகளைப் போடுகிறான்.

உருளையில் சிவப்புப் பொட்டு இருக்கிறது. கைபிடியில் இல்லை.

சொல்ல வேண்டும். ஆனால் துவக்கு வைத்திருப்பவன் கேட்காமல் நாம் பேசக்கூடாது. ஊரில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றிகளில் பழகியது அது. கண்ணன் துவக்கோடு கையை இலக்கை நோக்கி நீட்டுகிறான். கட்டைவிரலால் துவக்கின் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கிறான்.

"மாத்தையா!"

ஆமிக்காரனைக் கூப்பிடும் சிங்களச் சொல், என் வாயிலிருந்துதான் வருகிறது. கண்ணன் திரும்பி என்னைப் பார்க்கிறான். பிறகு பொட்டைப் பார்க்கிறான். முகம் வெளிறிப் போகிறது.

"அத்தான்... கையை இறக்குங்கோ."

அப்போதுதான் தெரிகிறது, என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே நிற்கின்றன. இறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. துவக்கு இன்னும் அவன் கையில் இருக்கிறது.