முப்பது குழாய்களும் ஒரு பழைய ப்ராசஸரும்

தெருவில் அவளுக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பேர். கட்டிடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கோபம் வந்தால் ஸ்கேலால் மேசையை அறைவாள். இந்த வாரம் மேசைக்கு ஓய்வே இல்லை.

விடுதிக் கட்டிடம் ஒன்றின் முப்பரிமாணப் படம். மவுஸை அசைத்தால் திரை யோசித்து யோசித்து நகர்ந்தது. மாலைக்குள் வராவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக இன்ஜினியர் போனில் சொல்லிவிட்டார்.

"ப்ராசஸர் கிழடுக்கா," என்றான் தம்பி, கேபினெட்டைத் திறந்துபோட்டு. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது அவன் தொழில். "மாத்திடலாம்."

"மாத்து. அதுக்கு எதுக்கு இவ்வளவு இழுவை?"

"புதுசு இந்த போர்டுல உக்காராது. போர்டை மாத்தணும். போர்டு மாத்தினா ராம் மாத்தணும். அப்புறம் உன் பழைய சாஃப்ட்வேர் அதுல ஓடாது."

"அப்படியே அக்காவையும் மாத்திடு!"

"ஸ்டாக் இல்லக்கா."

மேசையில் ஸ்கேல் இறங்கியது.

அந்தப் பழைய மென்பொருளில்தான் அவள் விரல்கள் பழகியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு சுவர் எழுப்புவாள். புதியதில் தடுமாறினால் வருகிற வேலையெல்லாம் கைநழுவும். இந்தக் கிழட்டையே கட்டி அழுதால் இன்றைய வேலை போகும்.

"கடைக்குப் போகவா, வேணாமா?"

"போ! போய்த் தொலை!"

அவன் படியிறங்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரை முன் உட்கார்ந்தாள். எது இப்படி மறிக்கிறது? படத்தில் கூரையை மறைத்துப் பார்த்தாள், அசையவில்லை. படிக்கட்டை மறைத்தாள், ஊஹூம். குளியலறைகளை மறைத்தாள். கட்டிடம் பம்பரமாகச் சுழன்றது.

ஒரு குளியலறைக்குள் போய்க் குழாயைப் பெரிதாக்கினாள். உள்ளே வாஷர், ஸ்பிரிங், திருகுமரையின் ஒவ்வொரு சுற்றும் இருந்தன. போன வாரம் படம் அசல் போல இருக்கட்டும் என்று குழாய்க் கம்பெனி இணையத்தில் வெளியிட்ட மாதிரியை இறக்கி, முப்பது குளியலறைகளிலும் வைத்தவள் அவளேதான். ஒருவரும் கழற்றிப் பார்க்கப்போகாத குழாய்களுக்குள் முப்பது ஸ்பிரிங்!

கோபம் இன்னும் ஏறியது. கத்துவதற்குத்தான் ஆள் இல்லை. வளைந்த உருளை ஒன்று, மேலே ஒரு பிடி. மொட்டைக் குழாயாக வரைந்து எல்லா அறைகளிலும் மாற்றினாள். வெயில் இறங்குமுன் படம் இன்ஜினியருக்குப் போய்விட்டது.

போன் அடித்தது. கடையிலிருந்து தம்பி. "விலை பேசி முடிச்சுட்டேன்கா. பில் போடச் சொல்லவா?"

"வேணாம். இப்ப நல்லா ஓடுது."

"எப்படி?"

உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் குழாயைச் சொல்லியே கிண்டலடிப்பான்.

"தெரியல. நீ திறந்து வச்சல்ல, தூசி கீசி போயிருக்கும்."

"பாத்தியா! அதெல்லாம் என் கை ராசி. இனிமே என்கிட்ட கொஞ்சம் மரியாதையா பேசு."

அவள் ஸ்கேலைத் தேடினாள்.