இடப்பக்க ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு டிவியின் சத்தம் எப்போது அவ்வளவு ஏறியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஒருநாள் சொன்னார்.

"இன்னாண்ணா, ஒங்க வூட்டு சீரியல நாங்களும் சேந்து பாத்துக்கினு கீறோம். எங்க வூட்டு டிவிய வித்துடலாம் போலகீது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த வாரமும் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

நாங்கள் இருப்பது ஓரிக்கைக்குப் போகிற வழியில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள் உள்ள தெரு. நான் வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன். என் மனைவி டவுனில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பதினான்கு வருஷமாகச் சேல்ஸில் இருந்தாள். ஒரே மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்துவிட்டோம். சாயங்காலமானால் நாங்கள் இரண்டு பேரும், டிவியும்தான்.

"சத்தத்தக் கொறம்மா" என்றேன் அன்றைக்கு.

"கொறச்சா பேசுறது புரியலபா. பாட்டு வந்தா காதக் கிழிக்குது, பேசுனா முணுமுணுன்னு இருக்குது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போது வருகிற மெலிசான டிவிகளில் ஸ்பீக்கரைப் பின்பக்கம் வைத்துவிடுகிறார்கள். சத்தம் சுவரில் போய் முட்டிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. "டிவிதான் சரியில்ல" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, டிவிதான்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் என் சகலை வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூருக்குப் போனார். சாமான் ஏற்றப் போயிருந்தேன். தூசி படிந்த ஒரு கறுப்புப் பெட்டியை என்னிடம் நீட்டினார். ஹோம் தியேட்டர் ரிசீவர். வாங்கும்போது ஒரு பக்கம் தோள் இறங்கிப்போகிற கனம்.

"எடுத்துக்கோ சகல. இதோட வந்த ஸ்பீக்கரையெல்லாம் எலி கடிச்சிட்சி. பொட்டி நல்லாகீது. பேசுறதுக்குன்னே நடுவுல ஒரு ஸ்பீக்கர் தனியா வரும். அத மட்டும் ஏத்தி வெச்சிக்கலாம்."

பேசுவதை மட்டும் ஏற்றலாம் என்றதும் மறுபேச்சில்லாமல் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்து ஸ்பீக்கர் வேண்டும். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் சீராகக் கொடுத்த சிடி செட்டின் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் பரணில் இருந்தன. அவை முன்பக்கத்துக்கு. எங்கள் சர்ச்சில் புது ஸ்பீக்கர் மாட்டியபோது கழற்றிப் போட்ட நீளப்பெட்டிகள் இரண்டு, பின் அறையில் கிடந்தன. சர்ச் ஒயரிங் வேலையை நான்தான் பார்க்கிறேன் என்பதால், கேட்டதும் பாஸ்டர் கொடுத்துவிட்டார். அவை பின்பக்கத்துக்கு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தேன். நடுவில் வைக்க, எப்போதோ வெடித்துப்போன பழைய குண்டு டிவியிலிருந்து முட்டை வடிவ ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, பிளைவுட்டில் பெட்டி செய்து அதில் பொருத்தினேன். ஒன்று ஆறு ஓம், ஒன்று எட்டு, ஒன்று பதினாறு. ஒன்றுக்கொன்று எந்த விதத்திலும் சம்பந்தமில்லாதவை.

பழைய ஸ்பீக்கர்களில் பிளஸ் எது, மைனஸ் எது என்ற அடையாளம் அழிந்திருந்தது. மாற்றிக் கொடுத்தால் சத்தம் குழிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பென்சில் பேட்டரியை ஒயரின் நுனியில் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. ஸ்பீக்கரின் காகிதம் வெளியே தள்ளினால் நாம் பிளஸ்ஸில் தொட்டிருப்பது சரி. அவள் கீழே உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் தொட்டேன்.

"தள்ளுது. ஐயோ, கோழி மூச்சு வுடுற மாதிரியே இருக்குதுபா" என்று சிரித்தாள். பிறகு நான் சுவரோரமாக நாலு மூலைக்கும் ஒயர் இழுப்பதைப் பார்த்து, "இன்னா, வூட்டுக்குள்ள தறிக்குப் பாவு நூல் போடப் போறியா?" என்றாள். கடையில் நெசவாளிகளோடு பேசிப் பேசி அவளுக்கு எதைப் பார்த்தாலும் தறிப்பேச்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ரிசீவரைப் போட்டேன். அதில் ஒரு சோதனை உண்டு. மழை பெய்வதுபோல் உஸ்ஸென்று ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். நாம் கேட்டு, குறைவானதை ஏற்றி, அதிகமானதை இறக்கிச் சமன்செய்ய வேண்டும். வழக்கமாக அவள் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.

"சத்தம் எங்கேந்து வருதோ அந்தப் பக்கம் கைய நீட்டிக் காட்டு."

முன்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் நின்று பார்த்தேன். இடது முன்பக்கம் சத்தம் வந்தது. இடது பக்கம் காட்டினாள். நடுவில் வந்தது, நடுவே காட்டினாள். வலது பக்கமும் சரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எது பெருசா கேக்குது?"

"எல்லாம் ஒண்ணாதான் கேக்குது."

அது எப்படி? நடு ஸ்பீக்கர் என் காதைத் துளைத்தது. மரப்பெட்டிகள் அதற்குப் பாதிகூட இல்லை. சரி, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பின்னால் இடது மூலையில் ஒரு ஒயர் கழன்றது. மாட்டுவதற்காக அவளுக்குப் பின்னால் போனேன். மாட்டியதும் அந்த ஸ்பீக்கர் என் கையருகிலேயே உஸ்ஸென்றது. அவள் கை உயர்ந்தது. ஆனால் எந்தப் பக்கமும் போகாமல் அந்தரத்தில் நின்றது. தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் இடது மூலையில் நிற்பதைப் பார்த்ததும், கை இடது பக்கம் போனது.

சத்தத்தை அந்த ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டு, மெல்ல நடந்து வலது மூலைக்குப் போய் நின்றேன். அவள் கையும் என்னோடு வலது பக்கம் வந்தது.

"கண்ண மூடிக்கோம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா மூடு."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்பீக்கராக விட்டேன். எல்லாவற்றுக்கும் வலது பக்கமே காட்டினாள். சத்தத்தைக் குறைத்து, இடது ஸ்பீக்கரை மட்டும் விட்டபோது, கை மடியிலிருந்து எழவே இல்லை. முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு, எப்போது வரும் என்று காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். சத்தமோ வந்துகொண்டே இருந்தது.

நிறுத்திவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"எத்தினி நாளா?"

கண்ணைத் திறந்தாள். "போன வருசத்துக்கு மொத வருசம் காய்ச்ச வந்துச்சே, அப்பலேந்து. காலைல எழுந்தா காது அடச்சிக்கினு இருந்திச்சி. தண்ணி போயிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் தொறக்கவே இல்ல."

"ரெண்டு வருசமாவா? கடையில?"

"அவங்க வாயப் பாத்துப் பேசுவேன். கஸ்டமர் எடது பக்கம் வராத மாதிரி கவுண்டர் ஓரமா நின்னுக்குவேன். தெரிஞ்சா அங்க நிக்க வுடுவாங்களா?"

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"சொன்னேனேபா. நீ தாமல் ஊருல அந்தப் பெரிய வூட்டுக்கு ஒயரிங் வேலையா இருந்த. போன்ல சொன்னேன், காது ஒரு மாதிரி இருக்குதுன்னு. நல்லெண்ணெயக் காய்ச்சி ரெண்டு சொட்டு வுடுன்னு வெச்சிட்ட."

எனக்கு ஞாபகமே இல்லை. தாமல் வேலை ஞாபகம் இருக்கிறது. ஏரிக்கரைக் காற்றில் ஏணி ஆடியதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த போன் இல்லை.

மறுநாளே டவுனில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி போட்ட சின்ன அறையில் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காதுக்கு அவ்வப்போது அழுத்தினாள். மற்றக் காதுக்கு விரல் அசையவே இல்லை.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். கோடு போட்ட காகிதத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். "இடது காதுல நரம்பு போயிடுச்சுங்க. காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும். முதல் வாரத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்துப் பார்த்திருக்கலாம். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வலது காதும் குறைஞ்சுகிட்டுதான் வருது. அதுக்கு மெஷின் வெச்சுப் பாருங்க."

முதல் வாரம் என்று டாக்டர் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் பார்க்காமல் இருந்தாளா என்று தெரியாது.

அன்று சாயங்காலம் நான் பைத்தியக்காரத்தனமான ஒரு வேலை செய்தேன். எல்லா ஸ்பீக்கரையும் இடம் மாற்றி அவள் வலது பக்கமாகக் கொண்டுவந்து வைத்தேன். நடு ஸ்பீக்கரை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் நிறுத்தினேன். மற்ற நாலின் ஒயரையும் இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் ரிசீவர்மேல் பளு ஏறும் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ஒரு படத்தைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினேன்.

"கேக்குதா?"

"கேக்குது."

"இன்னா பேசுறான் சொல்லு."

அவள் திரையையே உற்றுப் பார்த்தாள். உதடுகள் லேசாக அசைந்தன. "சத்தம் வருதுபா. பேச்சுதான் வரல."

இன்னும் ஏற்றினேன். ரிசீவருக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு எல்லாம் அணைந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், மேல்தகடு கொதித்தது. ஆறவைத்து மறுபடி போட்டேன். ஐந்து நிமிஷம் ஓடி மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை போடப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுபா. அது மேல இன்னா தப்பு?"

வலது காதுக்கு மெஷின் வாங்கினோம். வீட்டில் ஓரளவு உதவியது. கடையில் ஏசி இரைச்சலும், கூட்டமும், புடவை உதறுகிற சத்தமும் எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் கொட்டுகிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு முகூர்த்த சீசனில் மணப்பெண்ணின் அம்மா இடது பக்கம் நின்று மூன்று தடவை கேட்டிருக்கிறார். இவள் பதில் சொல்லவில்லை. திமிர் என்று அந்த அம்மாள் முதலாளியிடம் சொல்லிவிட்டார். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. முதலாளி நல்ல மனுஷன், வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்னால் ஸ்டாக் அறையில் புடவை மடித்து அட்டை கட்டும் வேலையைக் கொடுத்தார். அங்கே யாரும் பேச வேண்டியதில்லை.

முன்பெல்லாம் கடையிலிருந்து வந்ததும், எந்தக் கல்யாண வீட்டார் எந்த நிறத்துக்குச் சண்டை போட்டார்கள் என்று நடித்தே காட்டுவாள். இப்போது, "இன்னிக்கு எப்டி?" என்று கேட்டால், "மடிச்சேன்" என்கிறாள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தார்கள். வலது காதின் கோடு இன்னும் இறங்கியிருந்தது. அவளே காகிதத்தை வாங்கிப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "சரி" என்று மடித்தாள்.

பெட்டியையும் ஸ்பீக்கர்களையும் கழற்றி மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது. அவள் படம் பார்க்கிறாள், நான் அவளுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

அவளிடம் எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டும். சிலதை அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த போனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று பலநாள் நினைத்து, போன வாரம் அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ போன்ல சொன்னப்ப நான் ஒடனே வந்திருக்கணும்மா" என்றேன்.

"இன்னா?"

இன்னொரு முறை சொன்னேன். என் வாயைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இன்னாபா, புரியல" என்றாள்.

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

"அப்பவே சாப்ட்டேன். ஒனக்குத் தட்டுல போட்டு மூடி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.