இர்ஃபான் வரையாத உருவம்

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். 2003 டிசம்பரில், மேற்குத் தாம்பரத்தில், பட்டப்பகலில் நடந்தது இது. பட்டவன் பெயர் இர்ஃபான். இன்றைக்கும் இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

போட்டோ ஸ்டுடியோக்களில் பின்னால் தொங்குமே படுதா, அதை வரைவது அவன் தொழில். மலை, ஏரி, மாளிகை எல்லாம் போடுவான். ஆள் மட்டும் போடமாட்டான். உயிருள்ள உருவம் வரைவது மார்க்கத்துக்கு ஆகாது என்று ஒரு குருவிகூட வரைந்ததில்லை. "பாய் காட்டுல காக்கா குருவி கூட கெடயாது" என்று ஸ்டுடியோக்காரர் வேதசிரோமணி கிண்டல் செய்வார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பனிக்காடு வேண்டும் என்று அவர் ஒரு பழைய படுதாவைக் கொடுத்தார். இர்ஃபான் அதன்மேல் வெள்ளை அடித்துக் காயவைத்தான். தாம்பரத்துக்காரன் பனியை எங்கே கண்டான்? ஆனாலும் கை தேர்ந்த கை. முதலில் வானம். பிறகு மலை. பிறகு புகை மாதிரி தூரத்து மரங்கள். பக்கத்து மரங்கள் கடைசியில்தான். பின்னாலிருந்து முன்னால் வருவதுதான் முறை.

தூரத்து மரங்களுக்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு கறுப்பு தெரிந்தது. பெயின்ட் தெறித்திருக்கும் என்று வெள்ளையைத் தொட்டு மறைத்தான். டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது கறுப்பு விரல் உயரம் வளர்ந்திருந்தது. இரண்டு கைகள்... ஒரு பாவாடை...

"இன்னா பாய், கடைசில நீயும் ஆள் போட்டுட்டியா?"

"நான் போடல சார்."

வேதசிரோமணி சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அந்த உருவம் மறையும்படி அதன்மேல் ஒரு பெரிய மரத்தைப் போட்டான். பிரஷ்ஷைக் கழுவிவிட்டு நிமிர்ந்தான். உருவம் மரத்துக்கு முன்னால் நின்றது. ஈர பெயின்ட் துளிகூடக் கலையவில்லை.

இன்னொரு மரம் போட்டான். அதற்கும் முன்னால் வந்தது.

அவன் மரம் போடப் போட, அது தாண்டித் தாண்டி வந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தான். அழிக்கவும் வழியில்லை, மறைக்கவும் வழியில்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி மெஹர் பானு சாப்பாடு கொண்டு வந்தாள். கூடவே ஆறு வயது மகள் மாஹிரா. புதுப் படுதாவில் முதல் படம் ஒரு குழந்தையை நிற்க வைத்து எடுத்தால் போணி நன்றாக ஆகும் என்பது வேதசிரோமணியின் நம்பிக்கை.

"வா கண்ணு, இப்டி வந்து நில்லு."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கால் எழவில்லை. பெற்ற மகளைப் பிடித்து இழுக்க முடியாமல் மரமாக நின்றான்.

பளிச்...

படுதாவில் உருவம் இல்லை. வெறும் பனிக்காடு.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாஹிரா இடக்கையை நீட்டியபடியே நடந்தாள். விரல்கள் மடங்கியிருந்தன.

"கைய ஏம்மா அப்படி வெச்சிருக்கே?"

"விட மாட்டேங்குது அத்தா..."

தொட்டுப் பார்த்தான்.

ஐஸ்.

டாக்டர் நரம்பு என்றார். கோவளம் தர்காவுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். விரல்கள் நிமிரவில்லை.

அந்தப் படுதா, காட்டாங்குளத்தூரில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தது என்று வேதசிரோமணி சொன்னார். இர்ஃபான் அங்கே விசாரித்து, அதை நடத்திய துளசிங்கத்தைக் கண்டுபிடித்தான்.

"அத்த ஏன் பாய் வாங்குனாங்க? எழவு வூட்டுக்கு எடுத்துனு போற ஸ்கிரீன் அது. பொணத்த நாற்காலில உக்கார வெச்சு, பின்னால அத்த மாட்டித்தான் கடைசிப் படம் எடுப்போம். கடைசியா எடுத்தது ஒரு பொண்ணு கொயந்த."

துளசிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தனியா உக்காந்துனு கீதே, கையப் புடிச்சினு பக்கத்துல நிக்க ஒரு கொயந்தய அனுப்புங்கன்னு அந்தப் புள்ளயோட அம்மா தெரு பூரா கெஞ்சுச்சு பாய். எவனும் அனுப்பல."